இணைப்பு: குதிரை, ஒன்று

ஒரு தேசத்தின் ஆன்மா அதன் பழைய கட்டடங்களில்தான் குடியிருக்கிறது என்று வடபுல மரபுக் கட்டட ஆணையம் தன் சாசனத்தின் முதல் வரியிலேயே பொறித்து வைத்திருந்தது. குத்தகை விவசாயி ஹெட்லி புரூயிஸின் பழைய கட்டடத்தில் அந்த வருடம் குடியிருந்தது மாட்ஜ். மாட்ஜுக்கு வயது இருபத்திரண்டு. சினையாக இருந்தது. வாயுத் தொல்லையும் உண்டு.

கட்டடம் என்றால் சுற்றுக்கொட்டகை. வட இங்கிலாந்தில், நார்த்தம்பர்லாந்தின் எஸ்டேட் பண்ணைகளில், கதிரடிக்கும் கொட்டாரத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு, எட்டுக் கல்தூணும் கூம்புக் கூரையுமாக நிற்குமே, அது. ஹெட்லியின் கொள்ளுத்தாத்தா காலத்தில் நாலு குதிரைகள் அதற்குள்ளே ஒரு பெரிய சுழல்கட்டையை இழுத்துக்கொண்டு நாளெல்லாம் சுற்றும். சுவருக்கு அந்தப் பக்கம் கதிரடி எந்திரம் ஓடும். நீராவி வந்தது, குதிரைகள் போயின, கட்டை மட்டும் நின்றது. பிறகு நூறு வருடமாக அந்த இடத்தில் ஆட்டு மருந்து வாளி, சக்கரம் கழன்ற குழந்தை வண்டி, ஹெட்லியின் மனைவி எனிட்டின் காலி ஜாம் பாட்டில்கள் என்று தூக்கிப்போட மனசு வராத சாமான்கள்தான். சுழல்கட்டையில் வெங்காயச் சரம் தொங்கும். வருடத்துக்கு ஒருமுறை ஹெட்லி அதன் அச்சுக்குப் பன்றிக்கொழுப்புத் தடவுவார். எதற்கு என்று கேட்டால், அப்பா தடவினார் என்பார்.

மாட்ஜ் பிறவிப் பண்ணைக் குதிரை அல்ல. பதினொரு வருடம் டவுனில் பால்வண்டி இழுத்தது. ஓய்வு பெற்று வரும்போது இரண்டு பழக்கங்களைக் கூடவே கொண்டுவந்தது. ஒன்று, பன்னிரண்டு அடி நடந்தால் நின்றுவிடும். யாரோ இறங்கிப் போய்ப் பாட்டில் வைத்துவிட்டு வரும் நேரம் நின்று, பிறகு தானாகக் கிளம்பும். இரண்டு, எந்த முடிச்சையும் பல்லால் அவிழ்த்துவிடும். வீட்டு வாசல்களில் காத்து நின்ற நேரத்தில் கற்ற கலை. அவிழ்த்துக்கொண்டு நேராகப் பக்கத்துப் பண்ணை டர்னிப் கிழங்கு வயலுக்குப் போகும். ஏழு வருடம் ஹெட்லி புதிது புதிதாக முடிச்சுப் போட்டார். ஏழு வருடம் மாட்ஜ் அவிழ்த்தது. எட்டாவது வருடம் ஹெட்லி ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தார். நனைந்தால் இன்னும் இறுகும் முடிச்சு. அதை அவிழ்க்க ஹெட்லிக்கே பத்து நிமிடமும் கூர் தீட்டிய ஆட்டுக்கொம்பு ஒன்றும் வேண்டும்.

பிப்ரவரி மாதம், பனியும் மழையும் கலந்து அடித்த ஒரு நாள், அந்த முடிச்சைப் போட்டுத்தான் மாட்ஜைச் சுழல்கட்டையில் கட்டியிருந்தார். அன்றைக்கென்று பார்த்து ஆணையத்தின் ஆய்வாளர் ட்விசல் வந்தார்.

மாவட்டத்தின் பழைய கட்டடங்கள் அனைத்தையும் மார்ச் முடிவதற்குள் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ட்விசலுக்கு அன்று மட்டும் நாற்பத்தொரு கட்டடம். காரின் எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்தார். இளைஞர், நேர்மையானவர், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நோட்டுப் புத்தகத்தில் குனிந்தே நின்றார்.

“இது எப்பவும் இங்கதான் இருக்குமா?”

“எது சார்?”

“இந்தக் குதிரை.”

“பின்ன எங்க சார் போவா, இந்த மழையில?”

ட்விசல் எழுதிக்கொண்டார். பிறகு கயிற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். “இணைப்பு உறுதியா இருக்கா?”

அந்த முடிச்சைப் பற்றி இதுவரை ஒருவரும் ஹெட்லியிடம் கேட்டதில்லை. எனிட்கூட. அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இதுவா? உசிரே போனாலும் அவிழாது சார்.”

ட்விசல் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டார். மொத்தம் நாலு நிமிடம். கார் போய்விட்டது.

மார்ச் கடைசியில் கடிதம் வந்தது. காலைச் சாப்பாட்டின்போது எனிட் உரக்கப் படித்தார்.

“‘சுற்றுக்கொட்டகை. தரம் இரண்டு. எண்கோணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். கல்தூண்கள் எட்டு, கூரை, கற்பலகை. உள்ளே: சுழல்கட்டை, மரம், அசல். அதனுடன் நிரந்தரமாக இணைக்கப்பட்ட குதிரை, ஒன்று. பழுப்பு. இடது பின்கால் வெள்ளை. நிலை: நன்று.’”

ஹெட்லி ரொட்டியைக் கீழே வைத்தார். “திரும்பப் படி.”

“எத்தனை தடவை படிச்சாலும் அதேதான் மனுஷா. மாட்ஜ் கட்டடமாயிட்டா.” எனிட் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “நல்ல வேளை, நீ அன்னைக்கு எதுலயும் சாஞ்சுகிட்டு நிக்கல. இல்லேன்னா உன்னையும் சேர்த்திருப்பாங்க.”

“எழுத்துப் பிழையாத்தான் இருக்கும். ஒரு போன் போட்டா சரியாப் போயிடும்.”

ஹெட்லி அப்படி நம்பக்கூடியவர். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குப் பழக்கமான ஒரே அரசு அலுவலகம் தபால் நிலையம்.

ஆணையத்தின் செயலாளர் மிஸ் லவிபாண்ட் போனை எடுத்தார். குரலில் பஞ்சு வைத்தது போன்ற மென்மை.

“மேடம், நீங்க பட்டியல்ல போட்டிருக்கிறது ஒரு குதிரை.”

“ஆமா. ‘குதிரை’ன்னுதான் பதிவாயிருக்கு.”

“இல்ல மேடம், உயிரோட இருக்கிற குதிரை.”

“நிலை ‘நன்று’ன்னு பார்த்தேன். ரொம்ப நல்லா பராமரிச்சிருக்கீங்க மிஸ்டர் புரூயிஸ். நிறைய உரிமையாளர்கள் அப்படிச் செய்யறதில்ல.”

“அவளைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்களேன்.”

“தாராளமா. அந்தப் பாகம் அந்த இடத்துல இல்லைன்னு ஆய்வுல தெரிஞ்சா நாங்களே எடுத்துடுவோம்.”

“அப்படின்னா நான் இன்னைக்கே வெளிய கொண்டுபோய்க் கட்டிடறேன்.”

“அது குற்றம்,” என்றார் மிஸ் லவிபாண்ட், அதே மென்மையோடு. “சம்மதம் இல்லாம பட்டியல் பாகத்தை அகற்றினா சிறைத்தண்டனை வரைக்கும் போகும். வேற ஏதாவது உதவி வேணுமா?”

ஹெட்லி போனை வைத்துவிட்டு, கேட்டதை எனிட்டிடம் சொன்னார்.

“அவிழ்த்து விடு,” என்றார் எனிட். “இந்த மலைக்காட்டுல யாரு வந்து பாக்கப்போறா?”

ஹெட்லி அலமாரியிலிருந்து குத்தகைப் பத்திரத்தை எடுத்து விரித்தார். பதினேழாவது ஷரத்து. பண்ணையின் கட்டடம் எதற்காவது சேதம் விளைவித்ததாகக் குத்தகைதாரர் சட்டப்படி தண்டிக்கப்பட்டால், குத்தகை அன்றோடு ரத்து. நிலத்தின் சொந்தக்காரர்களான எஸ்டேட்டுக்காரர்கள் அந்த வரியைப் பயன்படுத்த ஆசையோடு காத்திருப்பதாக ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கில் கோல்ஃப் மைதானம் வர வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கனவு.

எனிட் படித்துவிட்டு மடித்து வைத்தார். அதற்கு மேல் அவிழ்த்து விடு என்று சொல்லவில்லை.

மாட்ஜுக்கு மே மாதத் தொடக்கத்தில் நாள் குறித்திருந்தது. கால்நடை டாக்டர் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னதை ஹெட்லி மறக்கவில்லை: “இந்த வயசுல இதான் இவளுக்குக் கடைசிக் குட்டி. வெயில்ல நடந்து பச்சைப்புல் மேஞ்சாதான் பால் சுரக்கும், அறுத்துப் போட்டா போதாது. காய்ஞ்ச புல்லைப் போட்டுக் கொட்டகைக்குள்ளயே வச்சிருந்தீங்கன்னா சுரக்காது. குட்டி தங்காது.” ஏப்ரல் நெருங்கியது. சுற்றுக்கொட்டகையின் தூண்களுக்கு வெளியே, மாட்ஜின் மூக்குக்கு நாற்பது அடி தூரத்தில், புல் முளைக்க ஆரம்பித்தது.

ஆகவே ஹெட்லி விண்ணப்பம் போட்டார். ‘பட்டியல் கட்டடத்தின் பாகத்தை அகற்றச் சம்மதம் கோரும் படிவம்.’ அகற்றும் பாகம் என்ற இடத்தில் ‘மாட்ஜ்’ என்று எழுதினார். அகற்றுவதற்கான காரணம் என்ற இடத்தில் ‘புல்’ என்று எழுதினார். பத்து நாளில் படிவம் திரும்பி வந்தது. அளவுக்கு வரைந்த படங்கள் இல்லை: முன்தோற்றம், பின்தோற்றம், பக்கத்தோற்றம் இரண்டு, குறுக்குவெட்டு ஒன்று.

“குறுக்குவெட்டா?” என்றார் ஹெட்லி.

“நடுவுல அறுத்துப் பார்த்தா உள்ள எப்படி இருக்கும்னு கேக்கறாங்க.”

“அறுத்துப் பார்த்தவன் எவன் இருக்கான்?”

எனிட் யோசித்தார். மறுநாள் டவுனுக்குப் போய் இறைச்சிக் கடைக்காரர் சுவரில் மாட்டி வைத்திருக்கும் மாட்டுப் படத்தைப் பார்த்துத் தாளில் பிரதி எடுத்து வந்தார். கொம்பை அழித்தார். தொடை, விலா, முதுகுக்கறி என்ற எழுத்துகளை மட்டும் அழிக்க மறந்துவிட்டார். அந்தப் படம் ஆணையத்தின் தொழில்நுட்பப் பிரிவில் பெரிய பாராட்டைப் பெற்றதாகப் பின்னால் தெரியவந்தது. படங்களில் இவ்வளவு தெளிவாகப் பாகங்களைக் குறித்த உரிமையாளரை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லையாம்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை ட்விசல் வாரம் ஒருமுறை வந்து நிலைப் படிவம் நிரப்புவார். நாலு பக்கமும் படம் எடுப்பார். மாட்ஜ் ஒவ்வொரு தடவையும் அவர் பையை மோந்து பார்க்கும். தீயவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. மாட்ஜ் படுக்க முடியாமல் தவிக்கிறது என்று ஹெட்லி சொன்னதும், அவரே தலைமையகம் வரைக்கும் எழுதி, கயிற்றை ஒன்றரை கஜம் நீட்டிக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். லத்தியை அள்ள வேண்டும் என்றபோதுதான் கொஞ்சம் கஷ்டப்பட்டார்.

“அள்ளலாம் மிஸ்டர் புரூயிஸ். ஆனா எது பட்டியலுக்கு முன்னாடி விழுந்தது, எது பின்னாடி விழுந்ததுன்னு பிரிச்சு வைக்கணும்.”

“எப்படி சார் பிரிக்கிறது?”

“நிறத்தை வச்சு,” என்றார் ட்விசல். சொல்லிவிட்டு அவருக்கே சந்தேகம் வந்து நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

லாடம் தேய்ந்துபோன வாரம் அவர் பதினாலாவது விதியைக் காட்டினார். பழுதான பாகத்தை அகற்றிவிட்டு அதே வகையான பாகத்தைப் பொருத்துவதற்குச் சம்மதம் தேவையில்லை. அசல் போலவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். லாடம் அடிப்பவர் பழைய லாடத்தைக் கழற்றி, அதேபோன்ற புது லாடத்தை அடித்துவிட்டு, கழற்றியதைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு போனார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனிட் அந்த விதியை இரண்டு முறை படித்தார்.

மே மூன்றாம் தேதி விடியற்காலையில் மாட்ஜ் குட்டி போட்டது. பெண்குட்டி. நீளமான கால்கள். அப்பன் யாரென்று தெரியாத ஏதோ ஒரு நாடோடிக் கூட்டத்துக் குதிரை. குட்டி கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக வந்திருந்தது. ஹெட்லி வைக்கோலில் மண்டியிட்டு அதன் மூக்கைத் துடைத்துவிட்டார். அரை மணி நேரம் வேலை எதையும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை ட்விசல் வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“மிஸ்டர் புரூயிஸ், இது எப்ப நடந்தது?”

“சனிக்கிழமை சார். நல்ல சுகப்பிரசவம்.”

“அனுமதி வாங்கினீங்களா?”

“யாருகிட்ட சார்?”

ட்விசல் வருத்தத்தோடு விளக்கினார். பட்டியல் கட்டடத்தின் ஒரு பாகத்திலிருந்து புதிதாக ஒன்று வெளிப்பட்டு நின்றால் அது விரிவாக்கம். அனுமதி பெறாத விரிவாக்கத்தை இருபத்தெட்டு நாளுக்குள் அகற்ற வேண்டும், அல்லது முன்தேதியிட்டு அனுமதி கேட்க வேண்டும். கேட்டாலும் கிடைப்பது கடினம்.

“ஏன் சார்?”

“அசல் பழுப்பு. விரிவாக்கம் கறுப்பு வெள்ளை. ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல.”

“சாயம் பூசிடட்டுமா?” என்று எனிட் கொட்டகை வாசலிலிருந்து கேட்டார்.

ட்விசலுக்குக் கிண்டல் புரியாது. “பூசலாம்,” என்றார். “சுண்ணாம்பு கலந்த பாரம்பரியச் சாயமா இருக்கணும்.”

குட்டி முட்டி முட்டிப் பார்த்தது. டாக்டர் சொன்னபடிதான் ஆயிற்று. பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. எனிட் பால்மாவைக் கரைத்துப் புட்டியில் ஊட்டினார். குட்டி பாதியைக் குடித்தது, பாதியைத் துப்பியது. இரண்டு வாரத்தில் அதன் விலா எலும்பை எண்ண முடிந்தது. ஹெட்லி சாப்பாட்டை மறந்தார். இரவு உணவின்போது மேசைத் துணியின் மேல் விரலால் சுற்றிச் சுற்றிக் கோடு போடுவார்.

“நாளைக்கு அவிழ்த்துடறேன்,” என்றார் ஒருநாள். “பண்ணை போனா போகட்டும்.”

“போய் எங்க நிப்போம்? மாட்ஜ் எங்க நிப்பா?” என்றார் எனிட். “ஆணையத்தோட கமிட்டி இருபத்தெட்டாந்தேதி நேர்ல வருதாம். அதுவரைக்கும் பொறு.”

கமிட்டி மினிபஸ்ஸில் வந்தது. மழை. ஆணையத் தலைவர் சர் ஆஸ்பர்ட் கேல் முதலில் இறங்கினார். ஆறடி உயரம், வழுக்கைத் தலை, பத்தடி தள்ளியும் கேட்கும் மூச்சு. பின்னால் மிஸ் லவிபாண்ட் கோப்புகளோடு. அதற்குப் பின்னால் கமிட்டி உறுப்பினர்கள் ஐந்து பேர். எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் அவர்களிடம் தென்படவில்லை. வருடாந்திர அறிக்கைக்குப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரர். கடைசியாக ட்விசல், நிலைப் படிவத்தோடு. எனிட் கொட்டகைக்குள்ளேயே ஒரு பலகை போட்டுத் தேநீரும், தோசைக்கல்லில் சுட்ட திராட்சை ரொட்டியும் வைத்திருந்தார். உறுப்பினர்கள் ஐவரும் அந்தப் பலகையை நோக்கி ஒரே மனதாக நகர்ந்தார்கள்.

சர் ஆஸ்பர்ட் தூணில் கை வைத்துப் பேசினார்.

“நான் குதிரைகளை நேசிப்பவன். என் வீட்டு வரவேற்பறையில் ஏழு குதிரைகள் இருக்கின்றன. ஏழும் எண்ணெய் ஓவியங்கள். முப்பது வருடங்களாகின்றன, ஒன்றுகூட இதுவரை புல் கேட்டதில்லை. இந்தப் பொறுப்புக்கு வந்து பதினாறு வருடத்தில் முந்நூறு பண்ணைகளைக் காப்பாற்றியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில்கூட இன்று விவசாயம் நடந்து கட்டடம் கெட்டுப்போகவில்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன். உயிருள்ளதை உயிருள்ளதாகப் பாதுகாப்பது எந்த விவசாயியும் செய்கிற காரியம். உயிருள்ளதைக் கல்லைப்போலப் பாதுகாக்க வேண்டுமென்றால் அதற்கு ஓர் ஆணையம் வேண்டும்.”

உறுப்பினர்கள் வாயில் ரொட்டியோடு கைதட்டினார்கள்.

“ஐயா,” என்றார் ஹெட்லி. தொப்பியைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார். “குட்டி இளைச்சுக்கிட்டே போகுது. அந்த மேட்டுல புல் இருக்கு. ஒரு மாசம் மட்டும் விட்டா போதும். நானே திரும்பக் கொண்டுவந்து கட்டிடறேன்.”

“உணர்ச்சியோடு பேசுகிறீர்கள், நல்லது,” என்றார் சர் ஆஸ்பர்ட். “ஆனால் சட்டம் கேட்பது ஒரே கேள்வி. எந்த நோக்கத்துக்காக இந்தக் குதிரை இணைக்கப்பட்டது? சுழல்கட்டையை இழுக்கத்தானே? இழுத்துக் காட்டட்டும்.”

“அவ இழுத்ததே இல்லை ஐயா.”

“இழுத்தால் எந்திரத்தின் பாகம், அகற்ற முடியாது. இழுக்காவிட்டால் பழுதான பாகம். பழுது பார்க்க உங்களுக்கு உத்தரவு வரும். நடத்துங்கள்.”

கழுத்துப் பட்டையை மாட்டினார்கள். பட்டை கொட்டாரத்துச் சுவரில் நூறு வருடமாகத் தொங்கியது. ட்விசல் அதற்குத் தனி எண் கொடுத்திருந்தார். ஹெட்லி மாட்ஜின் காதில் ஏதோ சொன்னார். மாட்ஜ் கிளம்பியது. பன்றிக்கொழுப்பின் புண்ணியத்தில் கட்டை சத்தமில்லாமல் நகர்ந்தது. புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். பன்னிரண்டு அடி. மாட்ஜ் நின்றது.

“என்ன ஆச்சு?”

“பாட்டில் வைக்கிறாங்க ஐயா,” என்றார் ஹெட்லி.

“யார்?”

“இப்ப யாரும் இல்ல. முன்ன வச்சாங்க.”

மாட்ஜ் கிளம்பியது. பன்னிரண்டு அடி. நின்றது. குட்டி வயிற்றுக்கடியில் நுழைந்து முட்டியது. இந்த இடைவெளியில் மிஸ் லவிபாண்ட் ஒரு பக்கம் எழுதினார். நாலாவது தடவை நின்றபோது சர் ஆஸ்பர்ட்டின் வழுக்கை சிவந்தது.

“இது குதிரையா, பஸ்ஸா? வருடாந்திர அறிக்கையில் இயங்கும் எந்திரத்தின் படம் போடுவதாக அமைச்சகத்துக்கு எழுதியாகிவிட்டது. தொடர்ச்சியான சுழற்சி வேண்டும்! நான் கல்லூரியில் எட்டுப் பேர் படகில் துடுப்புப் போட்டவன். நானே செய்து காட்டுகிறேன். கழற்றுங்கள் இதை.”

“சார்,” என்று ட்விசல் முன்னால் வந்தார். “சம்மதம் இல்லாம பாகத்தை அகற்ற முடியாது.”

எனிட் ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றினார்.

“பதினாலாவது விதி இருக்கே,” என்றார், யாரையும் பார்க்காமல். “பழுதானதைக் கழற்றிட்டு அதே வகையான பாகத்தை மாட்டலாம்னு.”

சர் ஆஸ்பர்ட் மிஸ் லவிபாண்டைப் பார்த்தார். மிஸ் லவிபாண்ட் கோப்பைப் புரட்டினார்.

“பொருந்தும்னு நினைக்கிறேன். பட்டியல்ல இதோட பயன் ‘இழுக்கும் சக்தி’ன்னு இருக்கு. நாலு கால் வேணும்னு எந்த இடத்திலயும் இல்லை.”

“குறித்துக்கொள்ளுங்கள்,” என்றார் சர் ஆஸ்பர்ட். “பதினொன்று இருபது. பழுதான பாகத்துக்குப் பதிலாகத் தலைவர்.”

ஹெட்லி ஆட்டுக்கொம்பை எடுத்துக்கொண்டு மாட்ஜின் கயிற்றோடு பத்து நிமிடம் போராடினார். பிறகு பட்டையை ஆணையத் தலைவரின் தோளில் மாட்டி, கயிற்றை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து தயங்கினார்.

“இப்பல்லாம் எனக்குக் கைக்கு வர்றது இந்த ஒரு முடிச்சுதான் ஐயா.”

“கட்டும், நன்றாகக் கட்டும்! நழுவினால் படம் கெட்டுவிடும்.”

ஹெட்லி நன்றாகக் கட்டினார். கூரை ஓட்டையிலிருந்து விழுந்த மழைத்துளிகள் கயிற்றை நனைத்தன.

“மேடம், ஒரு சந்தேகம்,” என்றார் எனிட். மாட்ஜின் தலைக்கயிறு இப்போது அவர் கையில் இருந்தது. “கழற்றின பழைய பாகத்தை என்ன பண்றது?”

மிஸ் லவிபாண்ட் விரலை வரியில் ஓட்டினார். “அது உரிமையாளரோட சொத்து. விருப்பப்படி அப்புறப்படுத்தலாம்.”

“விரிவாக்கம்?”

“அசல் எங்கேயோ, விரிவாக்கமும் அங்கேயே.”

“எழுதியாச்சா?”

“எழுதியாச்சு.”

“ஹெட்லி, மனுஷா,” என்றார் எனிட், “என் கூட வந்து கேட்டைத் திற.”

இருவரும் மாட்ஜை நடத்திக்கொண்டு மழையில் இறங்கினார்கள். குட்டி பின்னாலேயே ஓடியது. மேட்டு வயலின் கேட் வரைக்கும் மாட்ஜ் பன்னிரண்டு அடிக்கு ஒருமுறை நின்று நின்று போனது. ஹெட்லி அவசரப்படுத்தவில்லை. கேட்டைத் தாண்டியதும் மாட்ஜ் தலையைத் தாழ்த்தியது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் அது தலையை நிமிர்த்தவே இல்லை.

கொட்டகையில் சர் ஆஸ்பர்ட் சுற்றினார். முதல் சுற்றுக்கு உறுப்பினர்கள் கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில் புகைப்படக்காரர் மூன்று படம் எடுத்தார். மூன்றாவது சுற்றின் பாதியில் சர் ஆஸ்பர்ட் நின்றார். தூணைப் பிடிக்கக் கை நீட்டினார், எட்டவில்லை.

“போதும். அவிழ்த்து விடுங்கள்.”

ட்விசல் தொண்டையைக் கனைத்தார். அவர் முகத்தில் உண்மையான வேதனை. “சார், பதினொன்று இருபதுலேர்ந்து நீங்க இணைக்கப்பட்ட பாகம்.”

“என்ன?”

“சம்மதம் இல்லாம அகற்றினா குற்றம் சார். விண்ணப்பப் படிவம் பையில இருக்கு. முன்தோற்றம், பின்தோற்றம், பக்கத்தோற்றம் ரெண்டு. குறுக்குவெட்டு ஒண்ணு.”

“கத்தியை எடுத்துக் கயிற்றை அறுங்களய்யா!”

“கயிறும் பட்டியல்ல இருக்கு சார். நீட்டிச்ச ஒன்றரை கஜத்தையும் சேர்த்து.”

சர் ஆஸ்பர்ட் முடிச்சைத் தானே இழுத்துப் பார்த்தார். இன்னும் இறுகியது. மாட்ஜுக்கு வாய்த்த பற்கள் அவருக்கு வாய்க்கவில்லை. ஹெட்லியைக் கூப்பிட்டார்கள்; ஹெட்லி மேட்டு வயலில், ஆட்டுக்கொம்பு அவர் சட்டைப் பையில்.

அதற்குப் பிறகு நடந்தவற்றுக்குக் கூட்டக் குறிப்பில் நேரம் போட்டிருக்கிறது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு, சர் ஆஸ்பர்ட் சுழல்கட்டையில் கட்டப்பட்ட நிலையில், உயிருள்ள எதுவும் எந்தக் கட்டடத்தின் பாகமாகவும் கருதப்படாது என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். உறுப்பினர்கள் ஐவரும் ரொட்டி இல்லாத கையை உயர்த்தினார்கள். திராட்சை ரொட்டி வைத்த காகிதத்தின் பின்பக்கம் மிஸ் லவிபாண்ட் எழுதி நீட்ட, அவர் கையெழுத்துப் போட்டார். பதினொன்று ஐம்பத்தாறு. மொத்தம் நாலு நிமிடம்.

ஹெட்லி இறங்கி வந்தபோது மழை விட்டிருந்தது. தீர்மானத்தைப் படித்துக் காட்டினார்கள். அவர் இரண்டு முறை கேட்டார்.

“அப்ப மாட்ஜை யாரும் திரும்பக் கேக்க மாட்டீங்களா?”

“மாட்டோம்,” என்றார் சர் ஆஸ்பர்ட், பல்லைக் கடித்துக்கொண்டு. “கொம்பை எடும்.”

ஹெட்லி கொம்பை எடுத்தார். கயிறு நனைந்து இறுகியிருந்ததால் அன்று பத்து நிமிடத்துக்குப் பதில் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. மேட்டிலிருந்து குட்டி கனைப்பது கேட்டது. மூன்றாம் நாள் பால் இறங்கியது. ஒரு வாரத்தில் எனிட் புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இலையுதிர்காலத்தில் ஆணையத்தின் வருடாந்திர அறிக்கை வெளிவந்தது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் படம் இல்லை. படத்தை நீக்கச் சொன்னவர்கள் அதன் பக்கத்திலிருந்த அட்டவணையைப் பார்க்கவில்லை. ட்விசல் அந்த வாரத்து நிலைப் படிவத்தை வழக்கம்போல் முறையாக நிரப்பி அனுப்பியிருந்தார். அது அப்படியே அச்சாகியிருந்தது.

‘இணைப்பு, ஒன்று. நிலை: சுமார். மேற்பகுதியில் உரோமம் இல்லை. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது.’